காயாரோகணம் என்று கத்தினோம்

சாரங்கனை ஊர் முன்னால் நாறடிக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தபோது நன்னிலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ், இன்டர்நெட் கடை வைத்திருந்தேன். முக்காடு போட்டுக்கொண்டு ஹெவி மெட்டல் கேட்கிற பெண்ணை எங்கள் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. துபாயிலிருந்து அண்ணன் ஜெகபர் அலி அனுப்பிய பென்டிரைவில் அந்தப் பாட்டுகள் வந்து சேர்ந்தன. அத்தா ஒருமுறை என் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். "மாவு மில்லுல பெல்ட் அறுந்தா இப்படித்தான் கேக்கும்" என்றார். அதோடு விட்டுவிட்டார், நல்ல மனுஷர்.

'எரிகொள்ளி' எங்கள் பக்கத்து மெட்டல் குழு. கும்பகோணத்துச் சாரங்கன் அதில் பாடுவான், கிட்டார் வாசிப்பான். இடுப்பு வரை முடி. போஸ்டரில் அவன் முகம் மட்டும்தான் இருக்கும். பின்னால் உட்கார்ந்து டிரம் வாசித்தவர் காயாரோகணம். நாகப்பட்டினத்து மீனவக் குடும்பம். கடலுக்குப் போகாத நாட்களில் பஸ் பிடித்து வந்து வாசித்துவிட்டுப் போவார். மேடையில் அவர் மேல் விளக்குகூடச் சரியாக விழாது. பாட்டு முடிந்ததும் சாரங்கன் குனிந்து கும்பிடுவான், கைதட்டல் முழுக்க அவனுக்குப் போகும்.

அவர் யார் என்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது மின்வெட்டு. ஆட்சி மாறினால் கரண்ட் வரும் என்றார்கள். ஆட்சி மாறியது, கரண்ட் வந்த பாடில்லை. தஞ்சாவூரில் ஒரு கல்லூரி விழாவில் பாட்டு பாதியில் இருக்கும்போது போய்விட்டது. கிட்டார் செத்தது. மைக் செத்தது. சாரங்கன் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினான். டிரம்முக்குக் கரண்ட் எதற்கு? காயாரோகணம் நிறுத்தவே இல்லை. இரண்டு கால்களும் இரண்டு பெடலில் ஓட, அந்தப் பாட்டைத் தனியாகவே தூக்கிக்கொண்டு போனார். கரண்ட் திரும்பி வரும்வரை அந்த மண்டபத்தில் ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. நான் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அன்றிலிருந்து நாங்கள் சாரங்கனின் ரசிகர்கள் இல்லை, காயாரோகணத்தின் ரசிகர்கள். நாங்கள் என்றால் ஒரு மினி பஸ்ஸுக்குக் காணாத கூட்டம். நான், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற மாரியப்பன், வலங்கைமான் வெடிக்கடை யூனுஸ், பாபநாசத்துப் பாலிடெக்னிக் பையன்கள் சிலர். மற்றவர்கள் கிட்டாரைப் பார்ப்பார்கள். நாங்கள் பெடலில் இருக்கும் காலைப் பார்ப்போம்.

'உப்பங்காற்று' என்று அவர்களுக்கு ஒரு பாட்டு உண்டு. அதைப் பதிவு செய்த அன்று நடுவில் காயாரோகணத்தின் ஸ்டிக் உடைந்துவிட்டதாம். திரும்ப எடுக்க ஸ்டுடியோவில் நேரமில்லை. ஒரு கையால் சமாளித்தபடியே இன்னொரு ஸ்டிக்கை எடுத்திருக்கிறார். அதில் ஒரே ஒரு அடி விட்டுப்போயிற்று. இரண்டாவது சரணத்தில் அந்த இடம் வரும்போது நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். சரியாக விழுந்த ஆயிரம் அடிகளைவிட விழாத அந்த அடியை நாங்கள் கொண்டாடினோம். பைத்தியங்கள்தான், வேறென்ன.

பாட்டெல்லாம் பதிவாகி, ஆல்பம் வெளிவரும் முன்பு எண்ணெய், எரிவாயு எடுக்கிற கம்பெனி குறுக்கே வந்தது.

காயாரோகணத்தின் அம்மா நீலாயதாட்சி எங்கள் பக்கத்து ஊர்களுக்குக் கருவாடு கொண்டுவருவார். அறுவடை நேரத்தில் காசுக்குப் பதில் நெல் வாங்கிப் போவார். அவர் கூடையை இறக்கி வைத்துச் சோறு தின்கிற வீடு காளியம்மாளுடையது. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர். கம்பெனி அவர் வயலுக்குள் குழாயைப் புதைத்தது. அது ஒருநாள் உடைந்து, கதிர் வாங்கிய சம்பாப் பயிர் முழுக்க எண்ணெயில் கறுத்துப்போனது. ஊரார் மறியல் செய்தார்கள். போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. பிறகு ஊரைக் குளிர்விக்க கம்பெனி ஒரு விழா வைத்து எரிகொள்ளியைக் கூப்பிட்டது. சாரங்கன் ஓடோடிப் போய் ஒப்புக்கொண்டான். காயாரோகணம், "அவங்க மேடையில நான் அடிக்க மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

அவ்வளவுதான், ஆள் வெளியே. சாரங்கன் தன் சித்தப்பா மகனை அந்த இடத்தில் உட்கார வைத்தான். ஆல்பம் வந்தது. ஒவ்வொரு அடியும் காயாரோகணம் அடித்தது. டிரம் என்று போட்டிருந்த இடத்தில் சித்தப்பா மகனின் பெயர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன் செய்து கத்தினேன்.

"போவுது, விடு கமரு" என்றார்.

"எப்படிண்ணே விடுறது? உங்க அடிண்ணே அது!"

"எனக்குத் தெரியும்ல. போதும்."

அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை.

கும்பகோணத்தில் எரிகொள்ளியின் அடுத்த நிகழ்ச்சிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். சித்தப்பா மகன் தலையை ஆட்டி ஆட்டிப் பிரமாதமாக வாசித்தான். எனக்கே சந்தேகம் வந்தது, பயல் உண்மையிலேயே கற்றுக்கொண்டானோ என்று. அப்புறம் 'உப்பங்காற்று' வந்தது. இரண்டாவது சரணம். அவன் கை ஓங்கி இறங்கியது. சத்தம் வரவில்லை. அதே இடம். அதே விட்டுப்போன அடி.

பக்கத்திலிருந்த யூனுஸின் கையைப் பிடித்து நசுக்கினேன். "பாத்தியா?" என்றேன். "பாத்தேன்" என்றான். மேடைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தோம். டிரம்களுக்குத் தோலுக்குப் பதிலாகச் சத்தம் எழாத வலை மாட்டியிருந்தார்கள். லேப்டாப்பிலிருந்து காயாரோகணத்தின் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஆளைத் துரத்திவிட்டு அவர் அடியை வைத்து ஊர் ஊராகப் பிழைத்துக்கொண்டிருந்தான் சாரங்கன்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே திட்டம் தயார். அடுத்த மாதம் நன்னிலத்தில் கம்பெனி 'இளைஞர் கலைவிழா' நடத்தப்போகிறது. அதற்கு ஜெனரேட்டர் நம்ம மாரியப்பனுடையது. சாரங்கன் வாயாலேயே காயாரோகணத்தின் பெயரைச் சொல்ல வைக்க வேண்டும், கூட்டத்துக்கு நடுவில், மைக்கில். அதுவரை எனக்குச் சோறு இறங்காது. யூனுஸ் தன் கடை வேனில் அசல் டிரம் செட் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஏற்றி வைத்தான். சாரங்கன் அந்தப் பெயரைச் சொன்ன கையோடு காயாரோகணம் அதில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பது எங்கள் கனவு. மேடைக்கு முன்னால் முழுக்க நம் ஆட்கள் நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், அவர்களுடைய கல்லூரி நண்பர்கள் என்று எல்லாரையும் கூப்பிட்டேன். ஆர்குட், பேஸ்புக் எதையும் விடவில்லை. இவ்வளவு கூட்டம் வரும் என்று கம்பெனிக்காரனே எதிர்பார்த்திருக்க மாட்டான்.

மழைக்குப் பயந்து சாயங்காலம் வெயில் இருக்கும்போதே தொடங்கிவிட்டார்கள். குழாய் அடுக்கி வைப்பதற்காக மண்ணடித்து மேடாக்கிய வயலில்தான் விழா. வாசலுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், கறுப்புக்கொடியோடு ஒரு சின்னக் கூட்டம் நின்றது. காளியம்மாள் நின்றார். அவர் பக்கத்தில் காயாரோகணம்.

எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. கூப்பிட்டிருந்தால்கூட வந்திருக்க மாட்டார், தானாகவே வந்து நிற்கிறார்!

"உள்ள போகாத கமரு" என்றார்.

"இன்னைக்கு ஒரு கூத்து இருக்குண்ணே. இங்கேயே இருங்க, கூப்புடுவாங்க."

"கூத்தெல்லாம் வேணாம். வந்து எங்ககூட நில்லு."

பயப்படுகிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே போனேன். எனக்குப் பின்னால் நான் சேர்த்த கூட்டம் அத்தனையும் போனது.

'உப்பங்காற்று' தொடங்கியதும் நான் துப்பட்டாவின் முனையை வீசிச் சைகை காட்டினேன். மாரியப்பன் ஜெனரேட்டரை நிறுத்தினான். கிட்டார் நின்றது, குரல் நின்றது. டிரம் மட்டும் கேட்க வேண்டும் அல்லவா? கேட்டது. தட், தட், தட் என்று கோரைப்பாயைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். லேப்டாப் பேட்டரியில் ஓட, காதில் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடியிருந்ததால் சித்தப்பா மகனுக்கு எதுவுமே தெரியவில்லை. தலையை ஆட்டி ஆட்டி வீறாப்பாகப் பாய் தட்டிக்கொண்டிருந்தான். முன்வரிசையில் யாரோ, "டேய், உம்மையாவே அடிடா!" என்றார்கள். அங்கே கிளம்பிய சிரிப்பு திடல் முழுக்கப் பரவியது. சாரங்கன் ஓடிப்போய் அவன் ஹெட்போனைப் பிடுங்கினான். கடவுளே, அந்த முகம்! இன்னொரு ஜென்மம் இருந்தால் அதிலும் நினைத்துச் சிரிப்பேன்.

நாங்கள் கைகளைத் தூக்கினோம். "காயாரோகணம்! காயாரோகணம்!" யார் என்றே தெரியாதவர்கள்கூடச் சேர்ந்து கத்தினார்கள். மேடையில் உட்கார்ந்திருந்த ஒன்றியச் செயலாளர் கரை வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, "யாருப்பா அது? இருந்தா கூப்புட்டு வாசிக்கச் சொல்லு, மானம் போவுது" என்று சாரங்கனை விரட்டினார். மாரியப்பன் ஜெனரேட்டரைத் திரும்பப் போட்டான். மைக்கில் அறிவித்தார்கள். யூனுஸும் பையன்களும் அசல் டிரம் செட்டை மேடையில் ஏற்றினார்கள்.

காயாரோகணம் ரோட்டைத் தாண்டி வந்தார். கூட்டம் வழிவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தார், ஸ்டிக்கைக் கையில் எடுத்தார். இத்தனை நாள் கழித்து!

மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஆல்பத்துல அடிச்சது யாரு, சாரங்கா?"

சாரங்கன் ஏதோ முணுமுணுத்தான்.

"இவங்களுக்குக் கேக்கல."

"நீதான்."

"பேரச் சொல்லு."

"காயாரோகணம்" என்றான் சாரங்கன். "எல்லாப் பாட்டும் காயாரோகணம் அடிச்சது." தலை தொங்கியிருந்தது, முடி முகத்தை மறைத்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்றவன் காதைப் பொத்திக்கொண்டான். பழி தீர்த்தவர்களுக்கு மனசு வெறுமையாகிவிடும் என்கிறார்களே, பொய். கரும்பு தின்ற மாதிரி இருந்தது.

"சரி" என்றார் காயாரோகணம். எழுந்து ஸ்டிக்கை ஸ்டூலின் மேல் வைத்தார். "இந்த மேடையில அடிக்க மாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்." இறங்கி, வந்த வழியே நடந்தார். அடி, அடி என்று கூட்டம் கத்தியது. அவர் திரும்பவே இல்லை.

நான் விழுந்தடித்து ஓடி அவரை ரோட்டில் பிடித்தேன். எனக்கு அவர் மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஒரே ஒரு பாட்டு அடிச்சிருக்கக் கூடாதாண்ணே? எல்லாம் உங்களுக்காகத்தானே செஞ்சோம்!"

"எனக்காகவா?" அவர் திடலைத் திரும்பிப் பார்த்தார். "நான் எதுக்காக வெளிய வந்தேன்னு உனக்குத் தெரியும்ல, கமரு. தெரிஞ்சுக்கிட்டே கம்பெனிக்காரனுக்கு இம்புட்டு ஆளு சேத்துக் குடுத்துட்ட."

அவர் போய்க் கறுப்புக்கொடியைத் திரும்ப வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

எரிகொள்ளி அத்தோடு ஒழிந்தது. சில மாதம் கழித்துச் சாரங்கன் முடியை வெட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே போனாலும் நன்றாக இருக்க மாட்டான். விழா நடந்த ராத்திரி நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், மறுநாள் காலை பத்து மணிக்குக் காளியம்மாள் கடைக்கு வரும் வரை.

அவர் கையில் நாளிதழ் இருந்தது, டீக்கடையில் கேட்டு வாங்கி வந்தாராம். கல்லாவின் மேல் விரித்து, ஒரு பெரிய படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது நீதானம்மா?"

நான்தான். முன்வரிசையில், இரண்டு கைகளையும் தூக்கி, வாயைப் பிளந்துகொண்டு. எனக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தூக்கிய கைகள்.

"ஆமாக்கா."

"கீழ என்ன போட்டிருக்கான்? படி."

எழுத்துக்கூட்டத் தேவையில்லை, கொட்டை எழுத்தில் இருந்தது. "எரிவாயுத் திட்டத்துக்கு டெல்டா இளைஞர்கள் பேராதரவு. நன்னிலம் விழாவில் உற்சாக முழக்கம்" என்று படித்தேன்.

காளியம்மாள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ பெரிசா வாயத் தொறந்திருக்கியே, என்னன்னு கத்துற?"

"காயாரோகணம்னு கத்துனோம்க்கா. எல்லாரும் அவர் பேரத்தான் கத்துனோம். நெஜமா."

அவர் நாளிதழைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"படத்துல அது கேக்கலியேம்மா" என்றார்.