ஜோடி மாறிய பல்சக்கரம்

எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு பழைய இத்தாலி மோட்டார் சைக்கிள் முக்கால் உயிரோடு நின்றுகொண்டிருந்தது. மீதிக் கால் உயிரை நான் உலகம் பூராவும் தேடிக்கொண்டிருந்தேன். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மறுநாள் வரப்போகிற வண்டியைக்கூட ‘இன்னும் சற்று நேரத்தில்’ என்று சொல்லியே பழகிய வாய். அதனால், “இன்னும் ஒரே ஒரு சாமான்தான், வந்துட்டா ஓடிடும்” என்று நான் சொன்னதை என் மனைவி ஒரு நாளும் நம்பியதில்லை.

மகள் இரட்டைக் குழந்தைகளோடு வரப்போவதாகச் சொன்னதும் தீர்ப்பு வந்துவிட்டது.

“ஞாயித்துக்கிழமை காலையில பழைய இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள இது சத்தம் போட்டா கூடத்துல நிக்கட்டும். இல்லன்னா அவர் எடுத்துட்டுப் போகட்டும். அந்த ரூம் பிள்ளைங்களுக்கு.”

“சத்தம்னா எவ்வளவு சத்தம்?”

“நீங்க போடுற அளவுக்கு வேண்டாம். வண்டி மாதிரி போட்டா போதும்.”

வண்டியின் கோளாறு இதுதான். வால்வுகளைத் திறந்து மூட மற்ற வண்டிகளில் சங்கிலியோ கம்பியோ இருக்கும். இத்தாலிக்காரன் கலை ரசிகன். செங்குத்தாக ஒரு தண்டை நிறுத்தி, அதன் அடியில் மேலும் கீழுமாக இரண்டு பல்சக்கரங்களைக் கோத்துவிட்டிருந்தான். என் இன்ஜினில் அந்த இரண்டும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வந்து, கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். அதற்கு மேல் யானை இழுத்தாலும் நகராது.

மற்ற சாமான்களை எல்லாம் கல்லில் நார் உரித்துச் சேர்த்துவிட்டேன். கார்புரேட்டர் ஒரு வக்கீல் மேஜையில் காகிதம் பறக்காமல் காத்துக்கொண்டிருந்தது. பின்விளக்கு ஒரு மீன் தொட்டிக்குள் கிடந்தது. அதற்குள் குடியிருந்த மீன் காலி செய்ய மறுத்ததால் மீனையும் சேர்த்தே வாங்கினேன். பல்சக்கரம் மட்டும் சிக்கவில்லை. ஏழு கடல் தாண்டி எழுதினேன். ஒருவர் மாவு மெஷின் சக்கரத்தை அனுப்பினார். இன்னொருவர் அனுதாபம் அனுப்பினார்.

சனிக்கிழமை காலை இத்தாலியில் ஒரு கிழட்டு உதிரிபாகக் கடைக்காரரிடமிருந்து பதில் வந்தது. கைபேசி அதைத் தமிழாக்கிக் கொடுத்தது: ‘ஐயா, புதுச் சக்கரம் தேட வேண்டாம். பழைய சக்கரங்களின் முதுகைப் பாருங்கள். ஒன்றாக அரைத்துப் பொருத்திய ஜோடிக்கு ஒரே எண் இருக்கும். வேறு எண்ணோடு அவை வாழாது.’

ஓடிப்போய் இன்ஜினைப் பிரித்தேன். மேல் சக்கரத்தின் முதுகில் முப்பத்தொன்று. கீழ்ச் சக்கரத்தின் முதுகில் ஐம்பத்தெட்டு.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் இந்த ஊரில் இதே வண்டி இன்னொன்று உண்டு. ஒரே கம்பெனியில் ஓடி, ஒரே நாளில் ஏலத்துக்கு வந்தவை இரண்டும். ஒன்றை நான் எடுத்தேன். இன்னொன்றை எடுத்தவர் அடுத்த தெருப் பல் டாக்டர்.

அவருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நான் ஒரு சாமானை விசாரித்தால் கழுகுக்கு மூக்கில் வியர்த்த மாதிரி அவர் எனக்கு முன்னால் போய் நிற்பார். நானும் சளைத்தவனில்லை. ஒரு டேங்க் மூடிக்கு இருவரும் போட்டி போட்டபோது, என் மச்சானைப் பல் பிடுங்க அவரிடம் அனுப்பிவிட்டு, அவர் குறடும் கையுமாக இருந்த நேரத்தில் மூடியை வாங்கிவந்தேன். மச்சானுக்கு ஒரு நல்ல பல் போயிற்று. தங்கையைக் கொடுத்தவர் ஒரு பல்லைக் கொடுக்க மாட்டாரா?

“போய்க் கேளுங்க,” என்றாள் மனைவி.

“அவர்கிட்டயா? அவர் வண்டி காத்து மாதிரி ஓடுதாம். ஓடுற வண்டியைப் பிரிச்சு யார் குடுப்பா?”

“ஓடி நீங்க பார்த்தீங்களா?”

யோசித்துப் பார்த்தால், பார்த்ததில்லை.

டாக்டர் தன் வீட்டுக் கொட்டகை வாசலில் கையை விரித்து மறித்தார். “வாங்க சார். மச்சானுக்கு வலி எப்படி இருக்கு?”

“பல்லே இல்லாத இடத்துல வலி ஏது டாக்டர்.”

“அந்தப் பல்லுல ஒரு குறையும் இல்ல. வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன், பிடுங்கினாத்தான் எந்திரிப்பேன்னு உட்கார்ந்துட்டார். டேங்க் மூடி போனப்புறம்தான் எனக்கு விளங்குச்சு.”

“அதை விடுங்க. உங்க வண்டி ஓடுதா?”

“ஜம்முனு ஓடுது.”

“ஒரு தடவை உதைச்சுக் காட்டுங்க.”

அவர் வானத்தைப் பார்த்தார். கொட்டகைக் கூரையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். “பாதி சுத்துல பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னுடுது சார்,” என்றார். “வெளியில சொல்லிடாதீங்க. பல் டாக்டர் வண்டிக்கே பல்லுக் கோளாறுன்னா தொழில் என்ன ஆகும்?”

நான் கைபேசியை நீட்டினேன். படித்துப் பார்த்தார். நேரே உள்ளே போய், கடைவாய்ப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்துவந்தார். இன்ஜின் மூடியைக் கழற்றி, கண்ணாடியை உள்ளே விட்டு, பழக்கதோஷத்தில் “நல்லா ஆ காட்டுங்க” என்றார், இன்ஜினிடம். பிறகு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

“கீழே முப்பத்தொன்னு. மேலே ஐம்பத்தெட்டு.”

எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவானோ இரண்டு இன்ஜின்களையும் ஒரே மேஜையில் பிரித்துப்போட்டு, மாப்பிள்ளைகளை மாற்றி மணையில் உட்காரவைத்துவிட்டான். அன்று முதல் நாலும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாயங்காலத்துக்குள் இருவர் கையிலும் ஆளுக்கொரு கீழ்ச் சக்கரம் இருந்தது. கொடுப்பதில்தான் சிக்கல்.

“முதல்ல நீங்க குடுங்க சார்.”

“ஏன், நீங்க குடுத்தா என்ன டாக்டர்?”

“உங்களை நம்பி வாயைத் திறந்த மச்சான் என்ன ஆனார்?”

நான் இன்னும் திரும்பவில்லையே என்று தேடிவந்த மனைவி நடுவில் புகுந்து இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினாள். “ரெண்டு பேரும் என் கையில வைங்க.” வைத்தோம். கைகளைக் குறுக்கே மாற்றி நீட்டினாள். “எடுத்துக்கங்க. இதுக்கா ரெண்டு வீட்டுலயும் தூக்கம் கெட்டுது?”

ஞாயிறு காலை டாக்டர் என் பின்னறைக்கே வந்துவிட்டார். முதலில் என் வண்டி, அப்புறம் அவர் வண்டி என்று பேச்சு. காகிதம் போன்ற வாஷர்களை அவர் இடுக்கியால் எடுத்துவைக்க, நான் பொருத்தினேன். இன்ஜினைக் கையால் சுற்றினேன். சுற்றியது. இன்னும் சுற்றினேன். வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல வழுக்கிக்கொண்டு போயிற்று. டாக்டர் என்னைக் கட்டிக்கொண்டார். என் சட்டையில் அவருடைய பத்து விரலும் கிரீஸாகப் பதிந்தன.

வாசலில் லாரி நின்றது. இரும்புக் கடைக்காரர், வாட்டசாட்டமான மனிதர், கயிற்றோடு உள்ளே வந்தார். “இதுதாங்களா அம்மா?”

“ஒரு நிமிஷம்,” என்றேன் நான்.

இத்தாலிக்காரன் உதைக்கும் கம்பியை இடது பக்கம் வைத்திருந்தான். என் இடது முழங்காலோ எனக்கு முன்பே ஓய்வு பெற்றது. உதைத்தேன். புஸ். மறுபடி உதைத்தேன். வண்டியைவிட என் முழங்கால்தான் அதிகச் சத்தம் போட்டது. டாக்டர் உதைத்தார், செருப்பு பறந்து அலமாரி மேல் போய் உட்கார்ந்தது. மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு தண்டவாளமாய் அதிர்ந்தது. இதோ போகப்போகிறது, ஜோடி சேர்ந்த அன்றைக்கே போகப்போகிறது.

“சார், எனக்கு இன்னும் நாலு வீடு போகணும்,” என்றார் கடைக்காரர். “நான் ஒண்ணு விட்டுப் பார்க்கட்டுமா? எப்படியும் தூக்கிட்டுப் போறதுதானே.”

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரே ஒரு உதை விட்டார்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன். ஜன்னல்கள் கை தட்டின. அடுத்த வீட்டு நாய் மூன்றாவது வீட்டுக்குக் குடிபோனது. நீலப் புகைக்குள் டாக்டர் ஆடிக்கொண்டிருந்தார், எதிரே நானும். கடைக்காரர் மட்டும் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். “என் பிழைப்புல நானே மண்ணைப் போட்டுக்கிட்டேனே,” என்றார்.

மனைவி இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தாள். இன்ஜினை அணைக்கச் சொல்லிக் கை காட்டினாள். சொன்ன சொல் தவறாதவள். நேரே கூடத்துக்குப் போய் இடத்தை முழம் போட்டு அளந்தாள். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

“வந்தது வந்தீங்க, வெறுங்கையோட போக வேண்டாம். இந்தச் சாய்வு நாற்காலியைத் தூக்குங்க. அப்பத்தான் அது இங்க நிக்கும்.”

“அது என் நாற்காலி,” என்றேன். “நான் எதுல உட்காருறது?”

“அதான் அவ்வளவு நீளத்துக்கு சீட் தச்சு வெச்சிருக்கீங்களே. அதுல முன்னாடி உட்காருங்க,” என்றாள். “பின்னாடி எனக்கு வேணும்.”