தேனுகாவின் நிழல் பெற்ற பட்டம்

ஸ்கந்தபுரத்துப் பரமலிங்கத்தின் மகள் தேனுகா புவியியலில் பட்டம் எடுத்த அதே வருடம், அவளுடைய நிழல் யாழ்ப்பாணத்தில் கட்புலக் கலையில் பட்டம் எடுத்தது. தேனுகாவுக்குச் சாதாரண சித்தி. நிழலுக்கு முதலாம் வகுப்பு. அந்த வருடம் காலபோக நெல்லும் பரவாயில்லாமல் விளைந்திருந்தது.

உயர்தரத்தில் சித்திரப் பாடத்தில் திறமாகச் சித்தியடைந்த தேனுகாவைப் பல்கலைக்கழகம் செயன்முறைப் பரீட்சைக்கு அழைத்திருந்தது. முன்னால் வைக்கிற பொருளைப் பார்த்துப் படம் கீற வேண்டும். கீறிக் காட்டினால்தான் அந்தப் பட்டப்படிப்புக்கு இடம். படம் கீறிப் படித்தவளுக்கு அரசாங்க உத்தியோகம் எங்கே கிடைக்கப்போகிறது என்ற கவலை பரமலிங்கத்தை அரித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவர் வேண்டாமென்று வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அழுது, சண்டை பிடித்து, வென்றிருப்பாள். பரீட்சை ஒரு திங்கட்கிழமை வந்தது. யாழ்ப்பாண பஸ் ஏழரைக்குச் சந்திக்கு வரும். அவர் சுவரிலிருந்த கலண்டரை வடிவாகப் பார்த்துவிட்டு, "இராகு காலம் தொடங்குது பிள்ளை. ஒன்பது மணி கழியட்டும், அடுத்த பஸ்சில போவம்" என்றார். அவருடைய மனைவி ராஜினி அவரை ஒரு பார்வை பார்த்தாள். இந்த மனிசன் உழவு இயந்திரம் வாங்கியதே இராகு காலத்தில்தான். வயலுக்குத் தண்ணீர் திறந்தால் எமகண்டமென்றாலும் மண்வெட்டியோடு ஓடுகிறவர். ஆனாலும் பரீட்சைக்குப் புறப்படுகிற பிள்ளைக்கு இராகு காலமென்று ஒருவர் சொல்லிவிட்ட பிறகு, பரவாயில்லை போ என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? அது பரமலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும்.

தேனுகா வெள்ளைச் சட்டையோடு, கீறுகிற பலகையை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்துக் கதிரையில் இருந்தாள். சந்தியில் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. அவள் எழும்பவில்லை. அவளுடைய நிழல் எழும்பியது. பலகையின் நிழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படலையைக் கடந்து, ஓடிப்போய் பஸ்சில் ஏறியது. அடுத்த பஸ்சில் தகப்பனும் மகளும் போய்ச் சேர்ந்தபோது மண்டபக் கதவு பூட்டியிருந்தது. பரமலிங்கம் காவலாளியிடம் ஒப்புக்கு மன்றாடினார். பின்னேரம் சந்தியில் இறங்கி நடந்தபோதுதான் தெருவில் தன்னுடைய நிழல் மட்டும் விழுவதைக் கண்டார்.

"உங்கட பிள்ளையின்ர நிழல் காலமை எங்கட பஸ்சிலதான் வந்தது" என்று கொண்டக்டர் பிரதாபன் மறுநாள் சொன்னான். "சனம் நெரிசல். ஆனா அதால ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லை."

பரீட்சை மண்டபத்திலும் இடைஞ்சல் இருக்கவில்லையாம். மண்குடம் ஒன்றைக் கீறச் சொன்னார்கள். வந்திருந்த படங்களில் நிழல் கீறிய குடத்தில்தான் தண்ணீர் இருப்பது தெரிந்தது. பரீட்சகர்கள் விதிகளைப் புரட்டிப் பார்த்தார்கள். நிழல் வரக்கூடாதென்று எங்கும் இல்லாதபடியால் இடம் கொடுத்தார்கள். தேனுகா கிழக்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆறுகளையும் மண்வகைகளையும் பாடமாக்கினாள். விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வரும்போது சில தடவை நிழலும் வந்தது. பிறகு பிறகு அவளுடைய காலடியில் விழாமல், குசினிச் சுவரில் தள்ளி நின்று, அவளைத் தலை சரித்துப் பார்த்தது. தேனுகாவின் பின்னல் இடுப்பு வரை தொங்கியது. நிழல் கழுத்தோடு தலைமயிரை வெட்டியிருந்தது. ராஜினி அது வரும் நாட்களில் லைட்டை அணைக்காமல் விட்டாள். மூன்றாம் வருடத்தோடு அது வருவதை விட்டது.

"நிழலின்ர கண்காட்சியாம், அண்ணை. நோட்டீஸ் ஒட்டியிருக்கு" என்று பிரதாபன்தான் வந்து சொன்னான். பரமலிங்கம் திங்கட்கிழமை ஏழரை பஸ்சிலேயே ஏறினார். வழியில் ஒரு ரயருக்குக்கூட ஒன்றும் நடக்கவில்லை.

கண்காட்சி மண்டபச் சுவர் முழுக்கக் கரியில் கீறிய படங்கள். எல்லாவற்றிலும் ஒரே பெண், ஒரே முற்றம், ஒரே கதிரை, மடியில் பலகை. முதற்படத்தில் அவள் வெள்ளைச் சட்டையில் இருந்தாள். பிறகு சேலையில். பிறகு வேலைக்குப் போகிற கந்தோர் பையோடு. கடைசிப் படத்தில் அவளுக்குத் தலை நரைத்திருந்தது. அப்போதும் பஸ் வருகிற சந்திப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கலண்டரோடு நிற்கிற ஒரு தகப்பனைப் பரமலிங்கம் படம் படமாகத் தேடினார். கோரமாகக் கீறியிருந்தாலும் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரை அது கீறவேயில்லை. மூலையில் நின்ற நிழலிடம் போனார்.

"வீட்டை வா பிள்ளை. அவள் தனிய நிக்கிறாள்."

நிழல் அவரைப் பார்த்தது. கோபமாகத் தெரியவில்லை. அதற்குள் யாரோ ஒரு படம் சரிந்திருக்கிறதென்று கூப்பிட, அது அந்தப் பக்கம் போய்விட்டது.

தேனுகா படலையில் காத்திருந்தாள். "நல்லாக் கீறுதோ அப்பா?"

"ஓம் பிள்ளை. நல்லாக் கீறுது." உள்ளே வந்து படலையைச் சாத்தினார். "அண்டைக்கு இராகு காலமெண்டு நான் சொன்னது..."

"தெரியும். அண்டைக்கே தெரியும்" என்றாள் அவள். "நான் எழும்பியிருக்கலாம் அப்பா. அது எழும்பினது."

இப்போது தேனுகா பிரதேச செயலகத்தில் உத்தியோகம் பார்க்கிறாள். பரமலிங்கம் ஆசைப்பட்ட அதே அரசாங்க உத்தியோகம். நிழல் கொழும்பில் இருப்பதாகக் கேள்வி. கலியாணம் பேசி வருகிறவர்கள் செவ்வாய் தோஷம் விசாரிக்கிறார்கள், நிழலை விசாரிப்பதில்லை. விடிந்ததும் அவள் பஸ்சுக்கு நடக்கும்போது பரமலிங்கமும் கூட நடக்கிறார். வெயில் வருகிற பக்கமாக, அரை அடி முன்னால், தன்னுடைய நிழல் அவளுடைய காலடியில் விழும்படி பார்த்து நடக்கிறார். மழைநாட்களில் மட்டும் அவர் போவதில்லை.