சேவகன் கையில் பிள்ளை

...பிள்ளை அழமாட்டாள், பால் குடித்துவிட்டுத்தானே போனாள், வயிறு நிறைந்திருந்தால் யாருடைய கையிலும் இருப்பாள் என்று மேரிஜோசப்பின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஆனால் யாருடைய கையிலும் என்பதில் அவருடைய கையும் சேருமா... கோயில் வளவு மணலில் பெண்கள் பக்கம் நிரம்பிவிட்டது, பொழுது இன்னும் கடலில் முழுதாக இறங்கவில்லை, விடியவிடிய ஆடுகிற கூத்தைச் சுவாமியார் மாலைக்குள் சுருக்கச் சொல்லிவிட்டார். வங்காளத்துச் சண்டையில் வீடு வாசலை இழந்த பிள்ளைகளுக்கு உதவி சேர்க்கிற கூத்து. காசில்லாதவர்கள் வாசல் கடகத்தில் கருவாட்டையும் முட்டையையும் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள், பிறகு ஏலம் விடுவார்களாம், நல்ல சனம், நல்ல சனம்தான், ஆனால் ஒரு பிள்ளையைக் கேட்டபோது ஒருத்தியும் கொடுக்கவில்லையே.

கொடுக்காததும் பிழையில்லை. ஏரோது மன்னன் பெத்லகேம் குழந்தைகளை வெட்டுவிக்கிற கதை, பெற்றவள் எவள் தன் குழந்தையைச் செத்ததுபோலக் கிடக்கவிடுவாள்? ஆனால் ஒத்திகையில் துணிப்பொம்மையை வெட்டியபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் கிறிஸ்தோப்பர் உண்மைப் பிள்ளைதான் வேண்டுமென்று வீடுவீடாக வந்தார். அவளும் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். பூசையில் சுவாமியார் காட்டிய பத்திரிகைப் படம் அப்போது கண்ணுக்குள் வந்தது, தன் றோஸ்லினின் வயதுதான் இருக்கும், வெறும் தகரப்பேணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை... ஓம், தாறன் என்று சொல்லிவிட்டாள். பிள்ளையை வெட்டுகிற சேவகன் வேஷக்காரன் காய்ச்சலில் படுத்ததும், அந்த வேஷம் அம்புறோஸ் அண்ணைக்குப் போனதும் பிறகுதான் தெரிந்தது. கணவன் சில்வெஸ்ரரின் கூடப்பிறந்த அண்ணன். வலை போடும் இடத்தைப் பிரித்ததில் வந்த கோபம், இரண்டு வேலி தள்ளி வீடு, றோஸ்லின் பிறந்து பத்து மாதமாகியும் வந்து பார்க்காதவர். "குடுத்த வாக்கு குடுத்ததுதான்" என்று சில்வெஸ்ரர் நேற்றுச் சொன்னான், "ஆனா அந்தாளோடை நான் கதைக்கமாட்டன்." அந்தக் கோபக்காரரின் கையில், மரவாளென்றாலும் வாள்தானே... மாதாவே, பிள்ளை வீறிட்டால் நான் எழும்பி ஓடிவிடுவேனா, ஓடினால் கூத்துக் குழம்பும், அண்ணன் தம்பி கோபமும் இன்னும் முற்றும்.

மத்தளம் வேகம் கொண்டது. தாய் வேஷக்காரனின் மடியிலிருந்து அம்புறோஸ் பிள்ளையைப் பறித்தார், இல்லை, பறிக்கவில்லை, கழுத்துக்குக் கீழே கைகொடுத்து வாங்கினார், அவள் கண்டாள். றோஸ்லின் உதட்டைப் பிதுக்கினாள். மேரிஜோசப்பின் முழந்தாளில் எழுந்துவிட்டாள். வாளை உயர்த்த வேண்டிய கை உயரவில்லை. அது பிள்ளையின் நெற்றிக்குப் போனது, பெருவிரலால் மெதுவாகச் சிலுவை வரைந்தது. வீட்டுப் பெரியவர் குழந்தையை முதன்முதல் கையில் வாங்கும்போது செய்வது அது, எல்லா வீட்டிலும் செய்வது... ஏரோதின் சேவகன் செய்வதா? மத்தளக்காரன் திகைத்து நிறுத்திவிட்டான். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏரோதின்ரை சேவகன் எப்பவடா ஞானஸ்நானம் எடுத்தவன்?"

வளவே சிரித்தது, சுவாமியாரும் சிரித்தார், அண்ணாவியார் மட்டும் தாளத்தை ஓங்கித் தட்டினார். அம்புறோஸ் விழித்துக்கொண்டவர்போல வாளைத் தூக்கினார், ஆனால் வெட்டுகிற பாட்டைத் தாலாட்டைப்போலத்தான் பாடினார், வெட்டுண்ட பிள்ளையாகக் கிடத்துகிற பாய்க்கு வருமுன்பே பிள்ளை தூங்கிவிட்டது. அவள் உட்கார்ந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தத் தூரதேசத்துப் பிள்ளைகளின் நெற்றியைத் தொட இன்று யார் இருப்பார்கள், யாராவது இருப்பார்கள், ஆண்டவர் யாரையாவது அனுப்புவார், கோபக்காரர்களையும் அனுப்புவார்...

கூத்து முடிந்து பிள்ளையை அண்ணாவியார்தான் கொண்டுவருவார் என்று நினைத்திருந்தாள். முகத்தில் பூசிய அரிதாரத்தோடு அம்புறோஸே பெண்கள் பக்கம் வந்தார்.

"பனி விழுகுது. தலையை மூடிக் கொண்டுபோம்."

"ஓம் அண்ணை."

அவ்வளவுதான். அவர் திரும்பிப் போய்விட்டார். அவள் சீலைத் தலைப்பால் பிள்ளையை மூடிக்கொண்டு சில்வெஸ்ரரைத் தேடினாள், ஆண்கள் பக்கத்தில் அவன் இல்லை, வாசலிலும் இல்லை... மேடைக்குப் பின்னால் நின்றான். அம்புறோஸின் முதுகில் இறுகிப்போயிருந்த வேஷக் கயிற்றைக் குனிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தான், முடிச்சைப் பல்லாலும் கடித்தான். இரண்டு பேரும் கதைக்கிறார்களா என்று இங்கிருந்து தெரியவில்லை. போய்ப் பார்க்கலாமா என்று ஓரடி வைத்தவள், வேண்டாம் என்று நின்றாள், முடிச்சு இன்னும் கொஞ்ச நேரம் அவிழாமலே இருக்கட்டும் என்று ஏன் தோன்றியது அவளுக்கு...