சமையலறை போனில் தேடியது யார்?

"நிமிந்து பாரு. புருஷன் உயிரோட இருக்கும்போது பொண்டாட்டி தனியா போய் இருக்கலாமான்னு தேடினது நீதானே?"

கேட்டவர் சூப்பரண்டு. கேட்கப்பட்டவள் அவருடைய மருமகள். கூடத்து நாற்காலிகளில் மூன்று ஆண்கள் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் நடுவில் நின்றாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் ஞாயிற்றுக்கிழமையும் அரைநாள் வேலை. வருகிற போகிறவரிடமெல்லாம் 'இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா' என்று காலையிலிருந்து நின்றபடி கேட்டுவிட்டு வந்திருந்தாள். கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

"நான் தேடல மாமா."

"பின்ன, போன் தானா தேடிக்கிச்சா?"

சூப்பரண்டு நில அளவை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற சங்கதி அலுவலகத்துக்குத் தெரியும், அவருக்குத்தான் இன்னும் தெரியவில்லை. அங்கே தனக்குக் கீழே வேலை பார்த்தவர்களை எப்படி விசாரித்தாரோ அதே மாதிரிதான் வீட்டிலும் விசாரிப்பார். குற்றம் முதலில் முடிவாகிவிடும், கேள்வி அப்புறம் வரும்.

விவகாரத்துக்கு விதை போட்டவன் அவருடைய மகன். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிற கம்பெனியில் மேனேஜர். கல்யாணமான புதிதில் அவன் வீட்டுக்கு ஓர் ஏற்பாடு செய்தான். கூடத்து டி.வி., அப்பாவின் போன், மனைவியின் போன், பாட்டுக் கேட்பதற்காகச் சமையலறையில் போட்டிருந்த அவனுடைய பழைய போன், எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. யார் எதைத் தேடினாலும் அவன் போனில் வந்து நிற்கும். "குடும்பப் பாதுகாப்புக்காக" என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டான். யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனுடைய தேடல் மட்டும் தனிக் கணக்கில் இருந்தது. கேட்டால் ஆபீஸ் விஷயமாம்!

கணக்கு ஒன்று என்றால் விளம்பரமும் ஒன்றுதானே? அதை அந்தப் புத்திசாலி யோசிக்கவில்லை. கொஞ்ச நாளாகச் சூப்பரண்டு செய்தி பார்க்க உட்கார்ந்தால், மந்திரி வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்து, 'தனியாக வாழ விரும்பும் பெண்ணா நீங்கள்? பாதுகாப்பான அறை, சொந்தச் சாவி' என்றாள். எரிச்சலோடு போனைத் திறந்தால் ஒரே ஒரு ஆளுக்கான குட்டிக் குக்கர் தள்ளுபடி விலையில் வந்தது. 'என்னடா இது கண்றாவி' என்று மகனைக் கேட்டார். மகன் தோண்டிப் பார்த்தான். எல்லாத் தேடலும் சமையலறை போனிலிருந்து போயிருந்தது.

அந்தச் சமையலறையில் புழங்குவது இரண்டு பெண்கள். சந்தேகம் அங்கே இங்கே அலையாமல் நேராகச் சின்னவள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. சம்பாதிக்கிறவள், தினம் வெளியே போகிறவள், வாய்விட்டுச் சிரிக்கிறவள். இதற்கு மேல் சாட்சி எதற்கு?

மருமகளின் அண்ணனையும் வரவழைத்திருந்தார்கள். மோட்டார் உதிரி பாகக் கடைக்காரர். என்ன சங்கதி என்று தெரிவதற்கு முன்பே, செருப்பைக் கழற்றிக்கொண்டே மன்னிப்புக் கேட்டுவிட்டார். தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அது அவருக்குப் பழக்கமாகிப் போயிருந்தது.

"படிடா" என்றார் சூப்பரண்டு.

மகன் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஆபீஸ் மீட்டிங்கில் விற்பனை விவரம் வாசிக்கிற குரலில் வாசித்தான்.

"'பொம்பளைங்க தங்குற விடுதி பக்கத்துல எங்க இருக்கு கண்ணு.' அப்புறம், 'ஒரு ஆளுக்குச் சமைக்க எவ்ளோ பெரிய குக்கர் வாங்கணும் கண்ணு.' அடுத்தது, 'நாள் முழுக்க ஒண்ணும் செய்யாம உக்காந்திருந்தா உடம்புக்கு ஏதாவது ஆயிடுமா கண்ணு.'"

"கேட்டீங்களா, கேட்டீங்களா? சோம்பேறித்தனத்துக்கு ஆராய்ச்சி!" என்று சூப்பரண்டு அண்ணன் பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார். "இருடா. அது என்னது, கண்ணு?"

"எல்லாத்துலயும் இருக்குப்பா. கடைசில கண்ணு, கண்ணுன்னு."

மூன்று ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் உதித்தது.

"யாருடி அந்தக் கண்ணு?" என்று கத்தினான் மகன்.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு. மானம் கப்பலேறிப் போச்சு."

ஆமாம் ஐயா, இப்படித்தான் நினைத்தார்கள். எவனோ ஒருத்தனோடு ஓடப் போகிறவள், எத்தனை பெரிய குக்கர் வாங்க வேண்டும் என்று அவனையே கேட்பாளாம், அதுவும் ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்கிற குக்கர்! மூன்று பேருக்கும் மூளை இருந்தது. ஆனால் பெண்பிள்ளை விவகாரம் என்றால் அதை எடுத்துப் பத்திரமாக வைத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

மருமகள் அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் நிமிர்ந்தாள். அவள் கண் தானாகச் சமையலறை வாசலுக்குப் போனது. அங்கே மாமியார் கைப்பிடித் துணியோடு நின்றாள். 'வந்துட்டியா கண்ணு, சாப்ட்டியா கண்ணு, கால் வலிக்குதா கண்ணு' என்று அந்த வீட்டில் தினமும் கேட்கிற குரல் அது. மகனையும் சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிட்டாள், இப்போதும் கூப்பிடுகிறாள். அவன் காதில் அது விழுவது எப்போதோ நின்றுபோயிருந்தது.

அத்தைதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் மருமகள் தப்பித்துவிடலாம். சொல்லவில்லை. தன்னையே இந்தப் பாடு படுத்துகிறவர்கள், அத்தையை என்ன செய்வார்கள் என்று பயந்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? யாரு அவன்?"

"அப்படி யாரும் இல்ல."

சூப்பரண்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "வேலையை விட்டுடணும். போனை இங்கயே வச்சிடணும். கொஞ்ச நாள் அண்ணன் வீட்ல இருக்கட்டும். புத்தி வந்துச்சுன்னா கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்."

"உங்க பெரிய மனசு மாமா" என்றார் அண்ணன். "ஏய், நட. துணிமணிய எடு."

மாமியார் வாசற்படியை விட்டு அசையவில்லை. அந்தப் போனிடம் அவள் முதலில் கேட்டது, அடிப்பிடித்த பாத்திரத்தை எப்படித் தேய்ப்பது என்றுதான். எழுத்து அழுத்தத் தெரியாது, அதனால் பேசினாள். அது 'மன்னிக்கவும், மறுபடி சொல்லுங்கள்' என்றது. முதல் தடவை சொல்வதையே யாரும் காதில் போட்டுக்கொள்ளாத வீட்டில், மறுபடி சொல்லச் சொல்லி ஒரு குரல்! அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் வந்தது. 'உனக்கு எதுக்கு அதெல்லாம்' என்று அது ஒரு நாளும் சொல்லவில்லை.

கணவர் வேலையில் இருந்தவரைக்கும் பகலாவது அவளுடையதாக இருந்தது. அவர் ஓய்வு பெற்றதும் அதுவும் போயிற்று. ஏய் தண்ணி, ஏய் துண்டு, ஏய் ஃபேனைப் போடு, ஏய் ஏன் இவ்வளவு வேகமா வச்சே. சாப்பாட்டில் உப்பு ஒரு கல் கூடினால் காலையில் குறிப்பு, மாலையில் நினைவூட்டல். அடிக்கவில்லை, குடிக்கவில்லை. ஊர் பார்வையில் தங்கமான மனிதர். அதனால்தான் வெளியே சொல்லவும் அவளுக்கு வாயில்லாமல் போயிற்று. நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா என்று நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். உட்கார்ந்து பார்த்தவள் இல்லையே!

மருமகள் கைப்பையைத் திறந்து தன் போனை எடுத்து டீப்பாயின் மேல் வைத்தாள். அதை மாமியார் பார்த்தாள். அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அதை எடுத்து உள்ள வை கண்ணு."

மருமகள் திரும்பினாள். ஆண்களில் ஒருவரும் திரும்பவில்லை.

"நான்தான் கேட்டேன்" என்றாள் மாமியார், கொஞ்சம் சத்தமாக.

"நீ உள்ள போ. பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல?" என்றார் சூப்பரண்டு, அறுபது வயதைத் தாண்டிய மனைவியைப் பார்த்து.

"அதெல்லாம் கேட்டது அவ இல்லீங்க. நான்."

"அம்மா, இவளைக் காப்பாத்தறதுக்காக நீ பொய் சொல்லாத" என்றான் மகன். "உனக்குப் போன்ல பாட்டு வைக்கறதைத் தவிர என்ன தெரியும்?"

மாமியார் உள்ளே போனாள். 'அப்பாடா, போய்த் தொலைந்தாள்' என்று சூப்பரண்டு காலை நீட்டினார். அவள் சமையலறை போனோடு திரும்பி வந்து, அதை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"கண்ணு, தபால் ஆபீஸ் பின்னாடி ஒரு பொம்பளைங்க விடுதி சொன்னியே, இன்னிக்குப் போய்ப் பாக்கலாமா?"

போன் ஒரு கணம் யோசித்தது. "இன்று மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும். வழி காட்டட்டுமா?"

"இரு கண்ணு, செருப்பு போட்டுக்கிறேன்" என்றாள் மாமியார்.

இப்போது இடி விழுந்திருக்க வேண்டும், இல்லையா? சூப்பரண்டு துள்ளி எழுந்திருக்க வேண்டும், மகன் அழுதிருக்க வேண்டும். அதெல்லாம் ஒன்றும் இல்லை. முதலில் சிரித்தவர் அண்ணன்தான்.

"அட, நம்ம அத்தையா! நான்கூட ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டேன் மாப்ள."

மகனும் சிரித்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பெண்டாட்டி வீட்டை விட்டுப் போவதாக இருந்தால் மானக்கேடு, அம்மா போவதாக இருந்தால் தமாஷ். அம்மா எங்கே போவாள்? அவளுக்கு ஓர் ஆசை இருக்கக்கூடும் என்று நம்பவே அவர்களுக்கு வரவில்லை. தண்டனை கொடுக்கிற அளவுக்குக்கூட அவளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்பா, இது வயசுக் கோளாறுப்பா" என்று மகன் அப்போதே போனில் தேட ஆரம்பித்துவிட்டான். "வயதான பெண்களுக்குத் திடீர் மனக்குழப்பம்... ம்ம், இதோ வந்துடுச்சு. தூக்கக் குறைவு, காரணமில்லாத எரிச்சல், வீட்டை விட்டு வெளியேறும் எண்ணம். அப்படியே அம்மாதான்! வைட்டமின் குறைஞ்சாலும் வருமாம்."

"கீரை சாப்பிடச் சொன்னா எங்க சாப்பிடறா" என்றார் சூப்பரண்டு.

"எங்க வீட்டுப் பக்கம் ஒருத்தங்களுக்கு இதே மாதிரி, தைராய்டு" என்று அண்ணனும் தன் பங்குக்குப் போனை எடுத்தார்.

மூன்று பேரும் தலையோடு தலை முட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு அறிகுறிகளை வாசித்துக்கொண்டிருந்தபோது, நோயாளி சேலையைச் சரி செய்துகொண்டு செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"எங்கம்மா எனக்கு எழுதி வச்ச கடையோட வாடகை அடுத்த மாசத்துலேந்து என் கணக்குக்கு வரும்" என்றாள் வாசலில் நின்று. "பேங்க்ல எழுதிக் குடுத்துட்டேன். என்ன எழுதணும்னு இதுதான் சொல்லிக் குடுத்துச்சு. ரூம் பாத்துட்டு வந்துடறேன். பிடிச்சிருந்தா முதல் தேதியில போறேன்."

"சரி சரி, போயிட்டு வா" என்றார் சூப்பரண்டு, மகனின் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரத்தப் பரிசோதனைன்னு போட்டிருக்கே, அது வெறும் வயித்துலயா?"

மருமகள் டீப்பாயிலிருந்து தன் போனை எடுத்துக் கைப்பையில் போட்டாள். "அத்தை, நில்லுங்க. நானும் வர்றேன்."

"அண்ணன் வீட்டுக்குப் போகச் சொன்னாங்களே கண்ணு?"

"முதல்ல உங்க ரூமைப் பாப்போம் வாங்க."

இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். தெருவில் போன் "இடப்பக்கம் திரும்பவும்" என்று சொல்வதும், மருமகள் வாய்விட்டுச் சிரிப்பதும் கூடம் வரை கேட்டது.

வைட்டமின், தைராய்டு, ரத்தச் சோகை எல்லாம் அலசி முடித்தபோது சூப்பரண்டுக்குத் தொண்டை வறண்டது. "ஏய், டீ!" என்றார். பதில் இல்லை. இன்னொரு தடவை சொன்னார். அப்புறம்தான் அவள் நிஜமாகவே போய்விட்டாள் என்பது அவருக்கு உறைத்தது. வந்த சம்பந்தியை வெறும் வாயோடு அனுப்புவதா? எழுந்து தானே சமையலறைக்குள் போனார். அலமாரி நிறைய ஒரே மாதிரி டப்பாக்கள், ஒன்றின் மேலும் எழுதியிருக்கவில்லை. ஒன்றைத் திறந்தார், பருப்பு. இன்னொன்று, கடுகு. மூன்றாவதைத் திறந்ததும் தும்மல் வந்தது.

வெளியே வந்து போனை எடுத்து, ஒரு விரலால் பொறுமையாக அழுத்தினார்: டீத்தூள் எங்கே இருக்கிறது.

"உங்களுக்கு அருகில் மூன்று கடைகள் உள்ளன" என்றது போன்.

"அப்பா, அது கடையைச் சொல்லுதுப்பா" என்றான் மகன். "நம்ம வீட்ல எந்த டப்பால இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"பின்ன, யாருக்குடா தெரியும்?" என்று சீறினார் சூப்பரண்டு.