டார்லீனின் வலது புருவம்

எங்கள் வாஷிங்டனில் அதிபர் யாரையாவது அமைச்சராக்க நினைத்தால், பெயரை மட்டும்தான் அறிவிக்க முடியும். செனட் தலையாட்டினால்தான் நாற்காலி. தலையாட்ட வைப்பது என் பிழைப்பு. இதுவரை பதினோரு பேரைக் கரை சேர்த்திருக்கிறேன்.

பன்னிரண்டாமவர் வெர்னன் டோலெஃப்சன். வடக்கு டகோட்டா விவசாயி, வேளாண் துறைக்குப் பெயர் அறிவிக்கப்பட்டவர். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் கெட்ட பழக்கம் அவருக்கு. என் ஆட்களைச் செனட்டர்களாக உட்காரவைத்து மூன்று வாரம் ஒத்திகை பார்த்து, அதை ஒழிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

விசாரிக்கும் குழுவில் ஆதரவு பத்து, எதிர்ப்பு பத்து. மிச்சம் இருந்தவர் லூசியானா செனட்டர் விட்லாக் கிழவர். பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் கை தூக்காவிட்டால் டோலெஃப்சன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

விசாரணை நாளில், வழக்கப்படி, டோலெஃப்சனின் மனைவி டார்லீனை அவருக்கு நேர் பின்னால் உட்காரவைத்தேன். கேமராவுக்கு அழகாக இருக்கும். நீல உடை உடுத்தி வரச் சொன்னேனே தவிர, அந்த முகத்துக்கும் ஒத்திகை வேண்டும் என்று தோன்றவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு விட்லாக் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"மாநில வேளாண் ஆணையரா இருந்தப்போ, எல்லாரையும் சூரியகாந்தி போடச் சொன்னீங்க. பாதிப் பேருக்கு அழுகிப்போச்சு. அது தப்பா, இல்லையா?"

"அன்னைக்கு இருந்த தகவலை வச்சுப் பார்த்தா, சரியான முடிவுதாங்க ஐயா."

அச்சு அசலாக நான் எழுதிக் கொடுத்தது. ஆனால் விட்லாக் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டம்மா ஒத்துக்கலை போல இருக்கே."

டோலெஃப்சன் திரும்பவில்லை. "புருவம் ஏறிருச்சுங்களா?"

"ஏறிருச்சு."

"வலதா, இடதா?"

"வலது."

டோலெஃப்சன் என் குறிப்புத் தாள்களைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப தப்புதாங்க. இவ வேணாம் வேணாம்னு தலையில அடிச்சுக்கிட்டா. நான் கேக்கலை. எங்க நிலத்துலயும் அழுகுச்சு. அப்புறம் வீடு வீடாப் போய் மன்னிப்பு கேட்டேன். ரெண்டு பேர் இன்னும் கதவைத் திறக்கலை."

சிரித்துக்கொண்டிருந்த கூடம் அந்தக் கடைசி வார்த்தையில் அடங்கியது. விட்லாக் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா இங்க உக்காந்திருக்கேன். தப்புன்னு ஒத்துக்கிட்ட முதல் ஆள் நீங்கதான். அந்தம்மா பின்னாடியே இருப்பாங்கன்னா எனக்குச் சம்மதம்."

அடுத்த வாரம் அவர் கை தூக்கினார். பிறகு முழு செனட்டும் ஒப்புதல் தந்தது. அன்றே வெள்ளை மாளிகையிலிருந்து எனக்குத் தொலைபேசி.

"பிரமாதம்ப்பா! அந்த உண்மை பேசுற உத்தி யாரோட யோசனை?"

"எல்லாம் மூணு வார ஒத்திகைதாங்க" என்றபடி நிமிர்ந்தேன். எனக்கு நன்றி சொல்ல வந்த டார்லீன், கேக் தட்டுடன் எதிரே நின்றார். வலது புருவம் மெல்ல ஏறியது.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இல்லீங்க... என் யோசனை இல்லை. அவர் உண்மை பேசிடாமத் தடுக்கத்தான் மூணு வாரமா பாடுபட்டேன்."