மூன்றாம் எண் பொத்தான்

நான் எந்த வீட்டுக்குப் போகிறேன் என்று வெளியில் சொல்லக்கூடாது. சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் பெண்டாட்டி சந்தேகப்படுகிறாள். காரைக்குடி வட்டாரத்தில் பொறுக்கி எடுத்த சில வீடுகளில், யார் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்று பதிவு செய்யும் பெட்டியை டிவியோடு பொருத்துவது என் பிழைப்பு. கூடவே ஒரு ரிமோட் கொடுப்போம். வீட்டில் ஆளுக்கொரு எண். டிவி முன்னால் உட்காரும்போது அவரவர் எண்ணை அழுத்த வேண்டும். பெட்டியில் அந்த எண்ணுக்குப் பச்சை விளக்கு எரியும். எழுந்து போகும்போது மறுபடி அழுத்தினால் அணைந்துவிடும்.

'ஊர்க்குயில்' பாட்டுப் போட்டி பதினாலாவது வருடமாக ஓடுகிறது. ஒரு காலத்தில் ஞாயிறு சாயங்காலம் ஆறரை ஆனால் தெருவே வெறிச்சோடும். இப்போது சீந்துவார் இல்லை. வாராவாரம் ஆட்கள் குறைந்து, என் வட்டாரத்தில் ஒரே வீடுதான் மிச்சம். கண்டரமாணிக்கத்தில் மலையாண்டி வீடு. மூன்று பேரும் ஒரு வாரம்கூடத் தவறாமல் பார்க்கிறார்கள்.

"ஊரே பாக்காதத இவுக மட்டும் பாக்குறாகன்னா ஏதோ தில்லுமுல்லு. நேர்ல போய்ப் பாருங்க" என்றார் மேலாளர்.

அந்த வீட்டுப் பெட்டி ஒருநாளும் பழுதானதில்லை. அதனால் நான் அங்கே போய் மூன்று வருடம். அன்று, "மூணு எனக்கு" என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய மகள் சத்தியப்பிரியா, இப்போது சுவரில் மாலையோடு இருந்தாள். போன வருடம் டெங்கு. வயது பத்தொன்பது.

"ஏம்மா எங்களுக்குச் சொல்லல?"

"சொன்னா அவ பேர எடுத்துருவீகள்லண்ணே" என்றாள் அவளைப் பெற்ற அழகுநாச்சி.

சரி, அம்மாதான் மூன்றையும் சேர்த்து அழுத்துகிறாள் என்று முடிவு கட்டினேன். பெற்ற வயிறு. கோபிக்க மனம் வரவில்லை. ஆனாலும் அன்று ஞாயிறு என்பதால் ஆறரை வரை இருந்தேன். மலையாண்டி ஒன்றை அழுத்தினார், அழகுநாச்சி இரண்டை. ரிமோட்டை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

முதல் பாட்டு தொடங்கியதும் பெட்டியில் மூன்றாவது விளக்கு எரிந்தது. மலையாண்டி திரும்பிக்கூடப் பார்க்காமல், சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

கடைசியில் ஒரு பையனைப் போட்டியிலிருந்து வெளியே அனுப்பப் போவதாக அறிவித்தார்கள். மூன்றாவது விளக்கு அணைந்தது.

"ஆரையாச்சும் வெளிய அனுப்புறத அவ பாக்க மாட்டாண்ணே. எந்திரிச்சுப் போயிருவா. சின்னப் பிள்ளையிலருந்தே அப்படித்தான்" என்றாள் அழகுநாச்சி.

பயந்துபோனவனுக்கு விதிமுறைதான் வேப்பிலை. ரிமோட் பழுது என்று எழுதி, புது ரிமோட் கொடுத்தேன். மூன்றாவது பெயரை நீக்குவதற்காக டேப்லெட்டைத் திறந்ததும் அழகுநாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரேசன் கார்டுலயும் எடுத்துட்டாக. இந்த வீட்டு ஆளுன்னு அவ பேரு இருக்கது இதுல மட்டுந்தான். விட்ருங்கண்ணே."

"இறந்தவுக பேர வச்சிருந்தா என் வேலைக்கு ஒல வச்சுருவாகம்மா."

அழுத்தினேன். 'உறுப்பினர் நீக்கப்பட்டார்' என்று வந்தது. பாவி நான்.

அதற்கடுத்த வாரம் திங்கட்கிழமை காலை அறிக்கையைப் பார்த்தேன். மலையாண்டி வீடு, ஞாயிறு ஆறரை. உறுப்பினர் ஒன்று, இரண்டு. அதற்குக் கீழே, வெளியாள் வந்து பார்த்தால் மட்டும் விழுகிற வரி: விருந்தினர் ஒருவர், பெண், வயது பத்தொன்பது. அந்த விருந்தினர் கடைசிவரை இருந்திருக்கிறார். வெளியே அனுப்பும் கட்டத்திலும் எழுந்து போகவில்லை.

உடனே போன் போட்டேன்.

"நேத்து உங்க வீட்டுக்கு ஆரும்மா வந்திருந்தது?"

"பொறந்த வீட்டுக்கே எம்மகள விருந்தாளியா வர வச்சுட்டீகளேண்ணே" என்றாள் அழகுநாச்சி.