வெள்ளைச் சட்டையில் விழுந்த படம்

ராஜவேல் தர வேண்டியது நாலாயிரத்து அறுநூறு ரூபாய். லேப்டாப் வாங்கக் குறைகிறது என்று அக்கா புருஷன் சடையப்பனிடம் கைமாற்றாக வாங்கியது. சடையப்பன் கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கொடுத்த காசைக் கேட்டு நச்சரிக்கிற ஆளில்லை. ஆனால் இப்போது வயிறு எரிந்தது.

ராஜவேல் புதன்கிழமைதோறும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, குடிகாட்டுப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தான். புரொஜெக்டர் வைத்துச் சுவரில் ஸ்லைடு காட்டித்தான் பாடம். சடையப்பன் மகள் இசைவாணியும் அந்த வகுப்புதான். ராத்திரி சோறு ஆறுகிறவரை அதே பேச்சு.

"மாமா பட்டனத் தட்டுனா படம் பறந்து வருதும்மா. மாமாவுக்குத் தெரியாததே இல்ல."

"அந்தப் பொட்டியில பாதி எங்காசு" என்றார் சடையப்பன்.

"இருக்கட்டும்பா. உனக்கு அத ஆன் பண்ணத் தெரியுமா?"

அவர் பெண்டாட்டி மங்கலம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பியைப் பற்றிய பெருமை அவளுக்கு.

அடுத்த புதன்கிழமை சடையப்பன் வேலைக்குப் போகவில்லை. கல்யாணம் காட்சிக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் முன்னாலேயே காசைக் கேட்டு, உன் மாமன் கடன்காரன் என்று மகளுக்குக் காட்டிவிட வேண்டும்.

ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு வகுப்பை இருட்டாக்கியிருந்தார்கள். பெயிண்ட் உரிந்த பச்சைச் சுவரில் படம் கலங்கலாகத் தெரிந்தது. சடையப்பன் நேரே போய் சுவரை மறைத்து நின்றார்.

"ஏம்பா ராஜவேலு, என் காசு..."

சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். படம் அப்படியே அவர் சட்டையில் விழுந்திருந்தது. சுவரில் மங்கிக் கிடந்தது அவர் மேல் பளிச்சென்று இருந்தது.

"நெஞ்சுல மானிட்டருடீ."

"வவுத்துல மௌசு பாரு."

அவர் நகரப் பார்த்தார்.

"அசையாதப்பா, இப்பதான் நல்லாத் தெரியுது" என்றாள் இசைவாணி. பக்கத்துப் பெண்ணை இடித்து, "எங்கப்பாடீ" என்றாள்.

அதைக் கேட்டவருக்கு வந்த வேலை மறந்தது. மூச்சு வாங்கினால் மானிட்டர் ஆடியது, அடக்கிக்கொண்டார். ராஜவேல் ஒரு குச்சியால் அவர் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பாடம் நடத்தினான். மணி அடிக்கிறவரை, கண் கூசக் கூச நின்றார்.

வெளியே வந்ததும் ராஜவேல் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தான்.

"மாமா, உங்க காசு ரெடியா இருக்கு. ஆனா செவுத்துல படம் தெளிவா விழல, நீங்களே பாத்தீங்க. பாண்டியில ஒரு வெள்ளத் திரை சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டு மாசம் பொறுத்தீங்கன்னா இதுல அத வாங்கிடுவேன்."

திரை. சடையப்பன் மனசில் அது சுவரோடு சுவராகத் தொங்கியது. அகலமாக, அழுக்கே படாமல், மூச்சு வாங்காமல். பார்க்காத அந்தத் துணிமேல் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்பவே குடு" என்றார்.

"பிள்ளைங்களுக்காக மாமா..."

"காசு விஷயம் வேற, மச்சான்."

ராஜவேல் முகம் தொங்க, கவரை நீட்டினான்.

"வர்ற புதன்கெழம எத்தன மணிக்கு ஆரம்பிப்ப?" என்று கேட்டுக்கொண்டே சடையப்பன் நாலாயிரத்து அறுநூறையும் எண்ணிச் சரிபார்த்து, சட்டை கசங்காமல் இடுப்பில் செருகிக்கொண்டார்.